நனைத்துப் பார்த்து விற்ற கடை

கடைக் கதவில் பெட்டி மட்டை ஒன்றை வெட்டி எழுதித் தொங்கவிட்டிருக்கிறார் கடைக்காரர்: "கடை மூடப்படுகிறது. இருக்கும் சாமான் வாங்கிய விலைக்கு. திருத்தக் கொடுத்தவர்கள் வந்து எடுக்கவும். கடன்காரர்கள் அவசரப்பட வேண்டாம்." எட்டாத உயரத்தில் கட்டியிருப்பதற்குக் காரணம் மான்கள். திருகோணமலை நகரத்து மான்களுக்கு மட்டைப்பெட்டி என்றால் உயிர். தாழக் கட்டியிருந்தால் கடை மூடும் செய்தியை அன்றிரவே தின்று முடித்திருக்கும். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தபடி நிற்பவர்களை நானும் பார்த்தேன். அதிகம் சிரித்தவர்கள் அவருக்குக் கடன் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள்தான்.

பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகை இருந்தது, எழுத்தை எப்போதோ வெயில் தின்றுவிட்டது. மீன்பிடிக்கிறவர்களுக்கு அது கயிற்றுக் கடை. எங்கள் சாரணப் பிள்ளைகளுக்குக் கூடாரக் கடை. நிலாவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டும் இளைஞர்களுக்குக் கண்ணாடிக் கடை. முதுகுப்பை, மழைக்கோட்டு, டோர்ச், தூண்டில் முள், ஈயக்குண்டு, நுளம்பு வலை, தறப்பாள், மண்ணெண்ணெய் அடுப்பு, முக்குளிக்கும் கண்ணாடி: வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தங்குவதற்கோ கடலுக்குள் ஒரு மணி நேரம் இறங்குவதற்கோ என்ன வேண்டுமோ அது அங்கே கிடைத்தது.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். பெண் சாரணியர் குழுவும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. இந்தக் கடையைப் பற்றி விமர்சனம் எழுதப்போகிறேன் என்றதும், "மூடுகிற கடைக்கு என்ன விமர்சனம், யார் போய் வாங்கப்போகிறார்கள்?" என்று கணவர் கேட்டார். இனி இந்தச் சாமான்களை வேறெங்கோ வாங்கத்தானே போகிறோம்? அங்கே எதைக் கேட்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதையெல்லாம் நாங்கள் படித்த இடம் இதுதான். அந்தப் பாடத்தையாவது எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

வாசலில் பெரிய அலுமினியப் பாத்திரம் ஒன்றில் எப்போதும் தண்ணீர் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் கால் கழுவ வைத்திருப்பதாக நினைப்பார்கள். கயிறு கேட்டுப் பாருங்கள். சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டி அதற்குள் போடுவார். அமிழ்ந்தால் நைலோனோ பொலியெஸ்டரோ, மிதந்தால் பொலிபுரொப்பிலீன் போன்றது. அதன் பிறகுதான் கேள்வி: "நங்கூரத்துக்கா, ஆளை இழுக்கவா, கூடாரத்துக்கா?" நங்கூரத்துக்கு நைலோன் தருவார். அலை இழுக்கும்போது அது நீண்டுகொடுக்கும். படகில் கட்டிய இடத்தைப் பிடுங்காது. தண்ணீரில் விழுந்தவருக்கு எறியும் கயிறு மிதக்க வேண்டும், அவர் கைக்கும் எட்ட வேண்டும், இயந்திரத்தின் விசிறியிலும் சுற்றக் கூடாது. ஆனால் மிதக்கும் கயிறு வெயிலுக்கு ஆகாது. படகில் வெறுமனே போட்டுவைத்தால் மேல்நார் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். கூடாரத்து இழுவைக் கயிற்றுக்கு நைலோன் கேட்டால் தரமாட்டார். நனைந்தால் அது தளரும். நடுச்சாமத்து மழையில் கூடாரத் துணி முகத்தில் வந்து படியும். அதற்குப் பொலியெஸ்டர். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பில் கத்தியைக் காயவைத்து, அளந்த இடத்தில் அழுத்தி வெட்டி, இளகிய முனையைக் கத்தியின் பக்கவாட்டால் தட்டி ஒட்டித் தருவார். கத்தரிக்கோலால் வெட்டிய கயிறு அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை.

சாமான்களுக்கு அவர் கட்டும் அட்டைகள் தனி ரகம். விலை ஒரு பக்கம், தீர்ப்பு மறுபக்கம். "மழைக்கு ஆகாது." "ஆறு மாதம் தாங்கும்." "அழகுக்கு மட்டும்." இந்த மூன்றாவது அட்டை பல பொக்கெட்டுகள் வைத்த ஒரு முதுகுப்பையில் நெடுங்காலம் தொங்கியது. எழுதியதைப் படித்துக்கொண்டே அதை வாங்கிப்போனார் ஒருவர்.

மழைக்கு ஆகாது என்று எழுதியது ஒரு கூடாரத்துக்கு. கொழும்பிலிருந்து பெட்டி வந்தால், முதல் கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்து, இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். மலிவுக் கூடாரங்களில் பூச்சு ஒழுங்காக இருக்கும், தையல் துளைகள்தான் ஒழுகும். உள்ளே கிடந்தபடி ஒழுகும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, காய்ந்த பிறகு பசை பூசுவார். ஒரு ரகம் பூசினாலும் நிற்கவில்லை. மேலே ஒற்றைத் துணி. வெளியே பெய்யாவிட்டாலும் உள்ளே மூச்சுக்காற்றின் ஈரமே துளிர்த்து வடியும். அதை வெயில் கூடாரம் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றார். எங்கள் பக்கத்தில் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை வெயிலும் கச்சான் காற்றும்தானே, அந்த மாதங்களில் அது போதும். ஐப்பசிக்குப் பிறகு அதை வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் உப்புவெளி மணலில் அரைமணி நேரமும் நிற்காது. இது எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. கூடாரத்தோடு ஆறு சிறிய உரப்பைகளைச் சேர்த்துக் கொடுப்பார். மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கடற்கரையில் முகாம் போட்ட இரவு காற்று எழும்பியபோது பக்கத்தில் வேறு யாரோ போட்டிருந்த அழகான வெளிநாட்டுக் கூடாரம் உருண்டுகொண்டே போனது. எங்களுடையவை அசையவில்லை. உரப்பைக்கு அவர் காசு வாங்குவதுமில்லை.

முக்குளிக்கும் கண்ணாடிக்கு ஒரு சோதனை உண்டு. பட்டியைத் தலைக்கு மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தண்ணீர் உள்ளே வரும். உள்ளூர்க்காரர், வெள்ளைக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரையும் ஒழுங்கையில் நிறுத்தி அப்படி மூச்சிழுக்க வைப்பார். அடர்ந்த மீசை வைத்த ஒரு வங்கி முகாமையாளருக்கு எந்தக் கண்ணாடியும் ஒட்டவில்லை. "சேர், மீசையா மீனா, ஒன்றை முடிவு செய்துகொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். மனிதர் அடுத்த கிழமை மீசையை மெலிதாக்கிக்கொண்டு வந்தார். நான் கண்ணால் கண்டது.

அந்தக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை புறாமலைக்குத்தான் போயின. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது. முருகைக்கல்லையும் கருந்துடுப்புச் சுறாவையும் ஒரு முழ ஆழத்தில் பார்க்கலாம் என்பதால் நீந்தத் தெரியாதவர்கள்கூட இறங்கிவிடுகிறார்கள். வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ரீச்சர், படகுக்காரர் தரும் ஜாக்கெட்டைப் பார்த்தீர்களா?" பார்த்தேன். ஒரு படகில் இருந்தவை நிறம் வெளுத்து, கொக்கி உடைந்து, கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தன. கடைக்குத் திரும்பியபோது உயிர்காப்பு அங்கி எதைப் பார்த்து வாங்குவது என்று படிப்பித்தார். உள்ளே 50 என்று (மிதப்பு விசை, நியூட்டனில்) எழுதியிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு. தெரியாதவருக்கு அமைதியான தண்ணீரிலும் 100 வேண்டும். பிள்ளைகளுக்குக் காலிடைப் பட்டி கட்டாயம். அது இல்லாவிட்டால் அங்கி மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். சொல்லிவிட்டு, என்னோடு வந்திருந்த மாணவிக்கு ஒன்றை மாட்டி, இரு தோள்பட்டையையும் பிடித்து நிலத்திலிருந்து தூக்கினார். அங்கி அவள் காதுவரை ஏறியது. கழற்றி வைத்துவிட்டு அடுத்த அளவை எடுத்தார். கிடைத்தவற்றை எல்லாம் எங்களுக்கு வாடகையில்லாமல் ஒரு நாளுக்குத் தந்தார். திரும்பி வந்ததும் நன்னீரில் அலசி நிழலில் காயவைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அலசாமல் கொடுத்தால் நக்கிப் பார்த்தாவது கண்டுபிடிப்பார் என்று பிள்ளைகள் நம்பினார்கள். நானும் ஓரளவு நம்பினேன்.

முருகைக்கல்லில் கால் வைத்து நிற்கலாமா என்று கேட்டவருக்குத் துடுப்புக் காலணி விற்க மறுத்தார். ஈட்டித் துப்பாக்கி தேடி வந்தவர்களை உட்காரவே சொல்லமாட்டார். தங்கூசி நூல் (ஒற்றை இழை நைலோன்) சுருள் சுருளாக இருக்கும், தங்கூசி வலை ஒரு முழமும் இராது. அது தடை செய்யப்பட்ட வலை என்பதைவிட, "அறுந்து கடலில் கிடந்தாலும் அது மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்" என்பதுதான் அவர் சொல்லும் காரணம்.

விற்பனையைவிடத் திருத்த வேலையில்தான் அவருக்கு முகம் மலரும். ஒரு முறை என் முதுகுப்பையின் சிப் மூடிய பின்னும் பின்னாலேயே வாய் திறந்துகொண்டு வந்தது. முழுச் சிப்பையும் மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லிவிட்டார்கள். இவர் பல்வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். "பல்லில் குற்றமில்லை, ஓடுகிற தலைதான் அகன்றுபோய்விட்டது." சின்னக் குறட்டை எடுத்துத் தலையின் ஒரு பக்கத்தை ஒரு பொட்டு அழுத்தினார், பிறகு மறுபக்கத்தை. மிகை அழுத்தினால் உடைந்துவிடுமாம். உப்புப் பூத்திருந்த பல்லைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மெழுகுதிரித் துண்டை மேலும் கீழும் இழுத்தார். சிப் நேராக ஓடியது. வாங்கிய கூலி ஒரு பிளேன்ரீக்குக் காணும். கடலோரத்தில் சிப் கெடுவதற்கு உப்பும் மணலும்தான் காரணம், மாதம் ஒரு முறை மெழுகு தடவுங்கள் என்று இலவசமாகச் சொல்லி, தன் கூலியைத் தானே கெடுத்துக்கொண்டார்.

அந்தக் கறுப்புத் தையல் இயந்திரத்துக்குக் கடையைவிட வயது அதிகம். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்த பிறகு ஊரெல்லாம் நிவாரணக் கூடாரங்கள் முளைத்தன அல்லவா? அவற்றுக்குள் பகலில் இருக்க முடியாத வெக்கை. வீடுகள் எழும்ப எழும்ப, கிழிந்த கூடாரத் துணிகள் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வெட்டிக் கயிற்றுப் பை, வலைப் பை, பள்ளிப் பை எல்லாம் தைத்தார். தடித்த துணி, இரட்டைத் தையல். எங்கள் வீட்டில் தேங்காய் வாங்கப்போகும் பை இன்னும் அதுதான். அமைப்பொன்றின் பெயரில் பாதி எழுத்து அதில் இருக்கிறது.

யுத்த காலத்தில் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு, எதற்குக் கூடாரம்? கடை அப்போது கயிற்றிலும் தறப்பாளிலும்தான் ஓடியிருக்கிறது. பச்சை நிறத்தில் பை, கபில நிறத்தில் தொப்பி என்று எதையும் அவர் வைப்பதில்லை. சோதனைச் சாவடியில் வாடிக்கையாளர் மாட்டக் கூடாது. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. இன்றைக்கும் கடையில் நீலமும் செம்மஞ்சளும் மட்டும்தான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்தப் பக்கத்து ஆட்கள் பாதைப்படகின் நேரம் பார்த்துக்கொண்டு அவசரமாக வாங்கிப்போவார்களாம். பாலம் வந்த பிறகு நின்று பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது அபிவிருத்தி பற்றி அவரிடம் நான் கேட்ட ஒரே முறைப்பாடு.

வைகாசி, ஆனி மாதங்களில் கடையின் நிறமே மாறும். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் திருகோணமலை வழியாக வருவார்கள். இன்னும் வெருகல், மட்டக்களப்பு, உகந்தை, பிறகு குமுக்கன் ஆறு கடந்து யால காடு. ஊரிலிருந்து புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்கள் பெரிய பட்டியலோடு கடைக்குப் போவார்கள். மீன் நிறுக்கும் தொங்கு தராசில் அவர்களுடைய பையை மாட்டச் சொல்லி, முள்ளைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வைப்பார். இரண்டாவது போர்வை வேண்டாம். பெரிய டோர்ச் வேண்டாம், சின்னது போதும். மழைக்கோட்டு வேண்டாம், ஒரு பொலித்தீன் விரிப்பு எடு, நனையாமலும் இருக்கலாம், விரித்துப் படுக்கவும் செய்யலாம். "இதெல்லாம் எனக்கு லாபம், உனக்குப் பாரம்." வாங்க வந்த சாமானைத் திரும்ப அலுமாரியில் வைக்க வைத்த வேறு கடைக்காரரை நான் அறியேன்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன், குறை சொல்லாமல் விட்டால் இது விமர்சனமாகாது. பெண்களின் தோளுக்கும் முதுகுக்கும் ஏற்ற பை அங்கே கிடையாது. பல வருடங்கள் சண்டை பிடித்தேன். ஒரு முறை கொண்டுவந்தார். அவற்றையும் உயரம் குறைந்த ஆண்கள் வாங்கிப்போனார்கள் என்று வெற்றிக் களிப்போடு சொன்னார். சப்பாத்து வாங்க அங்கே போகவே கூடாது. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார், வெளியே யார் தட்டினாலும் சரி. அட்டை செல்லாது, காசுதான். தலையில் கட்டும் டோர்ச்சில் ஒரு தொகுதி, சிவனொளிபாதமலையில் பாதி ஏறும்போதே அணைந்துபோனது. முறையிட்டேன். "மலையில் நான் சோதித்துப் பார்க்கவில்லையே, தண்ணீருக்குள்தானே போட்டுப் பார்த்தேன்" என்றார். குளிரில் பற்றரி சோர்ந்துபோகும் என்பது கடல் மட்டத்தில் வாழ்கிறவருக்குத் தோன்றவில்லை. மாற்றித் தந்தார், ஆனால் ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு. அவசரத்தில் இருப்பவர்களுக்கு உரிய கடையாக அது என்றைக்கும் இருந்ததில்லை.

ஏன் மூடுகிறார்? கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு பதில். மீனவர்களிடம் கயிற்று விலை என்கிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் முழங்கால் என்கிறார். என்னிடம் கண் என்றார், ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம். எல்லாமே உண்மையாக இருக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா வரை ஏறியபோது, வெளியிலிருந்து வரும் இந்தச் சாமான்களின் விலை என்னவாகியிருக்கும் என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்று முடித்தார், புதிய சரக்கு வாங்கக் கையில் காணவில்லை. 2024 தைமாதம் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது. அதன் பிறகு அலுமாரித் தட்டுகளில் இடைவெளி விழத் தொடங்கியது. அந்த இடைவெளிகளில் திருத்த வந்த பைகளை அடுக்கினார். கடைசி வருடத்தில் அது விற்கும் கடையா, வைத்தியசாலையா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது. உண்மைதான், நானும் வாங்குகிறேன். அண்மையில் அப்படி ஒரு கூடாரம் எடுத்தோம். 'நீர்புகாதது' என்று பெட்டியின் நான்கு பக்கத்திலும் அச்சிட்டிருந்தது. மாணவிகள் என்னைக் கேட்கவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் விரித்து, இரண்டு வாளியை ஊற்றி, ஒருத்தி உள்ளே போய்ப் படுத்தாள். தலைமாட்டுப் பக்கத் தையலில் மூன்று இடத்தில் ஒழுகியது. சுண்ணக்கட்டியும் அவர்களிடம் இருந்தது. தையலுக்குப் பூசும் பசை மட்டும் இல்லை. அதை வாங்கத்தான் மறுபடி ஒழுங்கைக்குப் போனோம். கடைசிக் குப்பிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, எங்கே வாங்கிய கூடாரம் என்று விசாரித்தார். சொன்னோம். ஒன்றும் பேசாமல் ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதி, கட்ட நூலும் சேர்த்துத் தந்தார்: "பூசினால் மழைக்கு ஆகும்."

இப்போது மிச்சமிருப்பவை: தூண்டில் முள் எல்லா அளவிலும், ஈயக்குண்டு தாராளமாக, பொலியெஸ்டர் கயிறு இரண்டு சுருள், சிலிக்கோன் விளிம்பு வைத்த கண்ணாடிகள் கொஞ்சம், சிறுவர் அங்கிகள் கொஞ்சம், செம்மஞ்சள் கூடாரம் ஒன்று. அந்தக் கூடாரத்துக்கு அட்டை கட்டவில்லை, அதனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். கண்ணாடிக்குப் போகிறவர்கள் தயக்கமில்லாமல் போகலாம், இந்த ஊரில் அதைவிட நல்லது இப்போது இல்லை. டோர்ச்சைத் தொடாதீர்கள். தையல் இயந்திரம் விலைக்கு இல்லை. கிண்ணியாவில் வாகன இருக்கைக்கு உறை தைக்கும் ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது, பை திருத்த வேண்டியவர்கள் இனி அங்கேதான் போக வேண்டும். பின்தட்டில் பெயர் எழுதிய பைகள் நிறையக் கிடக்கின்றன, சில பெயர்கள் எனக்கே தெரிந்தவை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கிய விலை என்றால் வாங்கிய விலைதான், அதற்கும் கீழே கேட்டு அவரிடம் பேச்சு வாங்காதீர்கள். காசாகக் கொண்டுபோங்கள். மத்தியானத்தில் போகாதீர்கள்.